பறி கடித்த கழுத்து

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கன்னியம்மா. "சிஸ்டர், நம்ம ஸ்கேன் டாக்டரம்மா போய்ட்டாங்களாம்." இப்போதெல்லாம் அவள் குரல் வெறும் காற்றாகத்தான் வரும், அன்று அதுவும் நடுங்கியது. டாக்டர் ஜுலைகாவுக்கு மாரடைப்பு. வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஊர்க் குழு முழுக்கக் கும்பிடும் கைகள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அவர்களில் பாதிப் பேர், "அந்தம்மாகிட்ட போனா கேன்சர்னு பயமுறுத்தும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள்.

பயமுறுத்தினாரா? என் கழுத்திலேயே ஒரு கட்டி வந்தது. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அழுதுகொண்டே பொன்னேரியில் அவருடைய ஸ்கேன் அறைக்குப் போனேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிக் கட்டி. ஊசியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். போய் சோறு ஆக்கு." கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால் திரையில் கட்டி கருப்பாக, ஓரம் பிய்ந்து, அகலத்தைவிட உயரமாக, உள்ளே வெள்ளைப் பொட்டு மினுங்கினால் விடமாட்டார். "ஸ்கேன் தீர்ப்பு சொல்லாது. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாருக்கு ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கணும்னு சொல்லும்" என்பார்.

கன்னியம்மா ஏரியில் இறால் பிடிப்பவள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும் என்பதால், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அவள் கழுத்தில் கட்டி வந்ததும் ஊரே சொன்னது: "பறி கடிச்ச வீக்கம்." கடைத்தெரு கிளினிக் டாக்டரும் அதற்குத் தலையாட்டித் தைலம் எழுதினார். இரண்டு வருஷம்! படித்த மனுஷன், ஒரு ஸ்கேன் எழுதக் கை வரவில்லை. கடைசியில் நான்தான் சண்டை போட்டு, கரையேறியவளை அப்படியே ஆட்டோவில் டாக்டர் ஜுலைகாவிடம் இழுத்துப் போனேன்.

"இது பறி கடிச்சு வந்தது டாக்டரம்மா. எங்க சனத்துல எல்லாருக்கும் கழுத்து பொடைக்கும்."

"பறி எங்க?"

"வெளிய வச்சிருக்கேன். கவிச்சி அடிக்கும்."

"அடிக்கட்டும். எடுத்துக்கினு வா."

ஏசி அறை முழுக்க ஏரி நாற்றம். அவளைப் படுக்கவைத்து, பறியைக் கடிக்கச் சொல்லி, ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தார். சதை இறுகியது, கட்டி அசையவில்லை. "இப்ப பறிய வுட்டுட்டு எச்சி முழுங்கு." கட்டி மேலே ஏறி இறங்கியது. திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாத்தியா? கடிச்சா இறுகுறது சதை. முழுங்கினா ஏறி எறங்குறது தைராய்டு. கட்டி அங்க உக்காந்திருக்கு, அதுவும் நல்ல கட்டி மாதிரி தெரியல. பறி மேல பழி போடாத."

"ஊசி குத்தினா பரவிடும்ன்றாங்களே?"

"எவன் சொன்னான்? இங்க வரச் சொல்லு, அவன் வாய ஸ்கேன் பண்றேன்."

கன்னியம்மா பயத்தோடேயே சிரித்துவிட்டாள். ஊசிக்கும் சம்மதித்தாள்.

புற்றுதான். சென்னையில் ஆபரேஷன் ஆனது. உயிர் தப்பியது. ஆனால் கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அந்த நரம்பையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஏரியில் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும் குரல் அவளுடையது, அதோடு அது வெறும் காற்றாகிவிட்டது. சேதி கேட்ட டாக்டர் ஜுலைகா நேராகக் கடைத்தெரு கிளினிக்குக்குப் போய், நோயாளிகள் எதிரிலேயே கேட்டார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? தெரியாததுக்கெல்லாம் தைலமா?" 'பயமுறுத்தும் அம்மா' என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் கிளம்பியது.

போன வாரம் பழவேற்காட்டில் இரங்கல் கூட்டம். அதே கிளினிக் டாக்டர் மாலை போட்டு, "ஏழைகளின் தோழி" என்று உருகினார். கன்னியம்மா எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். "எங்க டாக்டரம்மா..." என்று உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

"மைக்ல ஏதோ கோளாறு" என்று அந்த மனுஷன் எழுந்து வந்து மைக்கைத் தட்டினார்.

"மைக் நல்லாத்தான் இருக்கு சார்!" என்று கத்தினேன். "நீங்க தைலம் தடவுன கழுத்து அது. நல்லா பாருங்க."

கன்னியம்மா மைக்கை விடவில்லை. சொல்ல வந்ததைக் கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

கத்தியது நான். ஆனால் அந்தக் கோபம் டாக்டர் ஜுலைகாவுடையது. அவர் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.