மூன்று தடவையும் குறையாத மீன்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். பென்சிலால் எழுதுகிறேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல்லில் வலி. வண்டிப்பெரியாரில் ராவுத்தர் கடைக்குப் போனேன். பாலக்காட்டிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"கிராம்புத் தைலம். பஞ்சுல தொட்டு வையி. முழுங்கித் தொலைக்காத."

அங்கேயே மூடியைத் திறந்து முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன். ராவுத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"வலி பல்லுலயா, மூக்குலயா?"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அவரிடம் எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் அது பல்வலியின் வாசனை. எனக்கு மீன் வாசனை. ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டால் போதும், துள்ளிக்கொண்டிருக்கும் மீன் தூக்கக் கலக்கத்தில் சாய்ந்துவிடும். அதன் நீளத்தை அளந்து நல்ல தண்ணீரில் போட்டால், கொஞ்ச நேரத்தில் எழுந்து வாலை ஆட்டும். அந்த வேலையைக் கொஞ்ச நாள் செய்தேன்.

அது தேயிலை எஸ்டேட் பூட்டிக் கிடந்த காலம். தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம். லயத்தில் பாதி வீடுகள் காலி. என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். "எஸ்டேட்டு தெறக்கட்டும், வந்துர்றோம்" என்று சொல்லித்தான் போனாள். பக்கத்து வீட்டில் பேச்சிமுத்து. அவனும் தனி ஆள். லயத்துச் சுவர் கூரைவரை போகாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் எழுந்ததும் அவன் அந்தப் பக்கம் இருமுவான், நான் இந்தப் பக்கம் இருமுவேன். உயிரோடு இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அப்படித்தான். மற்றபடி எனக்குப் பேச வராது. "நீ வாயத் தொறந்தா பெரியாத்துல வெள்ளம் வந்துருமாக்கும்" என்பான் பேச்சிமுத்து.

அவன்தான் அந்த வேலையைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, ஆத்து மீன எண்ணணுமாம். பிடிச்சுத் திங்காம, எண்ணிட்டு விட்றணுமாம். அதுக்குச் சம்பளம். வெளிய சொல்லிறாத, சிரிப்பானுக."

எண்ண வந்தவள் கோகிலா. பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதிக்காரி. கல்லூரியில் மீனைப் பற்றிப் படிக்கிற பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். பேச்சிமுத்து அவளை டீச்சரே என்று கூப்பிட்டான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட வேண்டிய நேரமெல்லாம் இருமினேன். இரண்டே நாளில் என் இருமலுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

மீனை எண்ணுவது இப்படி. ஓடையில் ஒரு துண்டை அளந்து, மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை குறுக்கே கட்டிவிட வேண்டும். உள்ளேயும் ஒன்றும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது. கோகிலா ஒரு பேட்டரிப் பெட்டியை முதுகில் மாட்டி, நீளக் கம்பியைத் தண்ணீரில் விட்டபடி மேல்நோக்கி நடப்பாள். மீன் ஒரு நொடி மயங்கும். பேச்சிமுத்து கைவலையால் அள்ளுவான்.

"டீச்சரே, எனக்குக் கரண்டு அடிச்சா என்னையும் வாளியில போட்டு அளப்பீகளா?"

"உங்குளுக்கு இந்த மீன் அளக்கற பலகை பத்தாதுங்ண்ணா."

ஒரே துண்டில் இப்படி மூன்று தடவை நடக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்.

"அரிசியில கல்லுப் பொறுக்கறாப்பலதானுங்ண்ணா. மொதத் தடவ நெறையச் சிக்கும். மறுக்காப் பாத்தாக் கொஞ்சம். மூணாந்தடவ ஒண்ணோ ரெண்டோ. எப்புடிக் கொறையுதுன்னு பாத்தா, மொத்தம் எத்தன இருந்துச்சுன்னு சொல்லிப் போடலாம். அதுனால புடிச்ச மீன மூணு தடவையும் முடியற வரைக்கும் உள்ள உடவே கூடாதுங்க."

அளந்து முடித்த மீனைக் கீழ்வலைக்கு வெளியே கொண்டுபோய், தண்ணீரில் கட்டிய வலைக்கூடைக்குள் விடுவது என் வேலை. அவள் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவாள். பேனா மை மழையில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். எதற்கும் முன்னால் தாளின் தலையில் தேதி போடுவாள். "தேதி போடாத தாளு குப்பைக்குத்தானுங்ண்ணா."

இரண்டு ஓடைகள் ஒழுங்காக முடிந்தன. மூன்றாவது எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடியது. ஐப்பசி மாதம், சாரல். அதற்கு முந்தைய நாள்தான் போனில் மகள் சொல்லியிருந்தாள், கம்பத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று. புதுச் சீருடை பச்சை நிறமாம். நல்லது என்றேன்.

முதல் தடவை பிடித்த மீனைக் கூடையில் விட்டேன். அந்த ஓடையில் கல்லொட்டி அதிகம். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் சின்ன மீன். கொஞ்ச நேரத்தில் எல்லா மீனும் தெளிந்து, ஒரே பக்கமாகத் திரும்பி, மேலே வலையை நோக்கி முகத்தை வைத்து நின்றன. அத்தனை முகமும் வந்த வழியைப் பார்த்து. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் நிற்கும் என்று ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவர்கள் இருவரும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கூடையை அவிழ்த்து, கீழ்வலைக்கு மேலாகத் தூக்கி, வீட்டுக்குப் போங்கள் என்று உள்ளே கவிழ்த்துவிட்டேன்.

இரண்டாம் தடவை பிடித்ததையும் அப்படியே செய்தேன். மூன்றாவது எண்ணிக்கை முடிந்ததும் கோகிலா தாளைப் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொறையவே இல்லயே. பேச்சிமுத்தண்ணா, கீழ்வலைக்கு அடியில கல்லு வெச்சீங்களா?"

"வச்சேன் டீச்சரே."

"அப்பறம் எப்புடி வெளிய இருந்து மீனு உள்ள வருது?"

"நான் கட்டுன வலையில ஒரு தவக்களக் குஞ்சு நுழையட்டும், மீசைய எடுத்துர்றேன்."

"உங்க மீசைய வெச்சு நா என்ன பண்றதுங்ண்ணா? இன்னிக்கோட பர்மிட்டு முடியுது. மறுக்காச் செய்ய முடியாது."

பேச்சிமுத்து என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீ கீழதான நின்ன. வலை எப்படி இருந்துச்சு, சொல்லு."

அவளும் பார்த்தாள். "வலை தூக்கியிருந்துச்சாங்ண்ணா?"

நான் இருமினேன். பிறகு, "டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். கோகிலா அந்தத் தாளின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். பேச்சிமுத்து டீ குடிக்கவில்லை. ஊருக்குள் அவன் வலையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினான். பையைத் தோளில் போட்டபடி என் வாசலில் நின்றான்.

"நல்ல வலைதான்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ணே."

மீனை உள்ளே விட்டது நான் என்று அவனுக்குத் தெரியாது. வாய் திறக்காத ஆள் என்று மட்டும்தான் நினைத்துப் போனான். அதற்குப் பிறகு சில நாள் காலையில் இருமிப் பார்த்தேன்.

கோகிலா படிப்பை முடித்ததும் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தாள். இங்கிலீஷ், எனக்குப் படிக்கத் தெரியாது. படம் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஓடைகளை நீலக் கோடாகப் போட்டு, எண்ணிய இடங்களில் கறுப்புப் புள்ளி வைத்திருந்தாள். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில் புள்ளி இல்லை. அடுத்து வந்த பெருமழையில் மேட்டு மண் சரிந்து ஓடையே மூடிப்போனது. இப்போது அங்கே செம்மண்ணும் கல்லும்தான். போன மாதம் ஒரு ஆளிடம் அங்கே கல்லொட்டி கிடந்தது என்று இருமி இருமிச் சொன்னேன். "ஓடையே இல்ல, அதுல மீனா?" என்று சிரித்தான். என் பேச்சைத் தவிர அதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. என் பேச்சு எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் கோடு இழுத்த அந்தத் தாளை நானே திருப்பி எழுதுகிறேன்.

ஓடை, எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்தது. மீன், கல்லொட்டியும் கெண்டையும், நிறைய. வலை, பேச்சிமுத்து கட்டியது, நல்ல வலை. மீனை உள்ளே விட்டது நான்.

அன்றைய தேதி நினைவில் இல்லை. இன்றையதைப் போடுகிறேன்.

மார்கழி ஒன்பது, செவ்வாய்க்கிழமை.