கொடைவள்ளலின் கட்டைவிரல்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் வெயிலே இல்லாத மாதத்திலும் அவர் வெண்கலச் சிலை போல மினுங்குவார். அழகு இல்லை, வருத்தம். பரம்பரையாக வரும் நோய். உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மிஞ்சிச் சேரும். ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருப்பதுதான் மருந்து. எனக்கும் அதே வருத்தம். பல இடங்களில் எங்கள் ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிடுவார்கள். நான் போன ரத்த வங்கி அதை நோயாளிகளுக்குக் கொடுத்தது. அங்கேதான் பக்கத்துக் கட்டிலில் அவரைக் கண்டேன்.

ஊசி ஏறியதும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு தன்னைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவார். அதைப் பார்த்த கோயில்காரர்கள் அவரை மேடையில் ஏற்றி, கொடைவள்ளல் என்று பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை கேட்டே விட்டேன். "அண்ணை, எடுக்காட்டி உங்கட ஈரல் போயிடும். இதில என்ன கொடை?"

"ஓம் தம்பி, போயிடும். அதுக்காக வாங்கிற சனத்துக்கு ரத்தம் குறையுதோ? நீரும் ஒரு படம் போடும். கொஞ்சம் சிரியும்."

"அந்தக் கூத்து எனக்கு ஏலாது."

அடுத்த திருவிழாவில் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்த வேலை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடையில் ஏறினேன். பொன்னாடையை விரித்தார்கள்; தலையைக் குனிந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்து அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்தார்.

அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.