சிலுவைக் கணவாயும் டெக்வென் அத்தையும்

டெக்வென் அத்தை செப்டம்பர் விடுமுறைக்கு எங்கே போகிறார் என்பது எங்கள் ஊருக்குப் பல வருடங்களாகப் பிடிபடாத விஷயம். மற்றவர்கள் ஸ்பெயின் போய் வெயிலில் தோல் உரிந்து திரும்புவார்கள். கொஞ்சம் வசதி குறைந்தவர்கள் கடலோரமாக ஒரு வீடு பிடித்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தை மட்டும் ஒரு சின்ன மஞ்சள் காரில், நாத்தனார் மெரெரிட்டை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்புவார். மறுவாரம் திரும்பும்போது கார் முழுக்கச் சேறு. வெகுதூரம் போன மாதிரியும் தெரியாது. பாலா ஏரிப் பக்கம் பார்த்தேன் என்பார் ஒருவர். அணைக்கட்டு மேலே நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள் என்பார் இன்னொருவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தையின் வேலையே அந்த ரோடுகளில் கார் ஓட்டுவது மாதிரிதான். கார் இல்லை, வேன். மாவட்ட நூலகத்தின் நடமாடும் வேன். மலைப் பண்ணைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார். வேனுக்குப் பின்னால் யாராவது மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவர் போகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான். வருடம் முழுக்க அதே வளைவு, அதே ஏற்றம், அதே ஆடுகள். கிடைக்கிற ஒரு வாரத்தையும் அங்கேயே போய்க் கழிப்பானேன்? நான் சாலைப் பொறியியல் படித்தவன், எங்கள் பண்ணை வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ரோட்டைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று இல்லை, அதில் என்ன ருசி கண்டார் என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

இந்த வருடம் வாய்ப்பு தானாக வந்தது. மெரெரிட் பெரியத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் மலை ரோடுகளில் ஆடு தாண்டாமலிருக்க குறுக்கே கதவு போட்டிருப்பார்கள். ஒருவர் இறங்கித் திறக்க வேண்டும், கார் போனதும் சாத்திவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். இத்தனை வருடமும் அந்த வேலை பெரியத்தையுடையது.

“டெய்லோ, உனக்குக் கதவு தெறக்கத் தெரியுமா?” என்று அத்தை கேட்டார்.

“பட்டம் வாங்குனவன்டி அவன். கதவைத் தெறக்கச் சொன்னா கதவைப் பத்திக் கட்டுரை எழுதுவான்” என்றார் பெரியத்தை.

நான் வருகிறேன் என்றேன்.

கார் மூன்று கதவுக் கார், பக்கத்துக்கு ஒன்று, பின்னால் சாமான் வைக்க ஒன்று. பார்க்க மளிகைக் கடைக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிற எஞ்சினோ பந்தயத்துக்குப் போகிற ஜாதி. பின்சீட்டில் உட்கார வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கித்தான் நுழைய முடியும். அதாவது ரோட்டில் வருகிற ஒவ்வொரு ஆட்டுக் கதவுக்கும் பெரியத்தை கைத்தடியோடு இறங்கி, சீட்டை மடக்கி, என்னை வெளியே விட்டு, நான் கதவைத் திறந்து மூடி, திரும்ப உள்ளே நுழைந்த பிறகு அவர் ஏற வேண்டும்.

“பெரியத்தை, நான் முன்னால உக்காந்துட்டா உங்களுக்கு எறங்குற வேலையே இல்லையே.”

“எது, என் சீட்லயா?” என்று திரும்பிப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரோட்டின் முதல் கதவைத் தாண்டியதுமே அத்தை விஷயத்தைச் சொல்லிவிட்டார். நான் உள்ளே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம ஷ்ரூஸ்பரிலேருந்து ஒருத்தர் காரைப் பாக்க வர்றாரு. விக்கிறதுக்கு.”

எனக்கு நம்ப முடியவில்லை. அந்தக் காரை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்து அவர் கணவர் இட்வால் மாமா, என்னை இப்படி ஒரு நாள் துடைச்சிருக்கியா என்று கேட்டவர்.

“ஏப்ரல்ல நடந்தது உனக்குத் தெரியும்ல?”

தெரியும். ஊருக்கே தெரியும். சிலுவைக் கணவாய் ஏறுகிற ரோட்டில் எதிரே ஒரு வேன் வந்தது. வழிவிட அத்தை பின்னால் எடுத்தார். பின்சக்கரம் ரோட்டின் விளிம்பை விட்டு இறங்கி, கார் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. டிராக்டர் வந்து இழுக்கும் வரை அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் கூட இல்லை. அன்று தார்ப்பாய் போட்டு மூடிய காரை இன்றுதான் வெளியே எடுத்திருக்கிறார்.

“நூலக வேனை ஓட்டிட்டுத்தானே இருக்கீங்க அத்தை?”

“வேனுக்கு எல்லாரும் ரிவர்ஸ் எடுப்பாங்கடா. பாதிரியார் வந்தாக்கூட பின்னால போவாரு. வேன்ல நான் பின்னால எடுத்ததே கெடையாது. காருக்கு யாரு எடுப்பா?” கியரைப் போட்டார். “இன்னிக்குக் கணவாயைத் தாண்டணும். கை நடுங்காமத் தாண்டிட்டா, அந்த ஆளை வராதேன்னு சொல்லிடுவேன். நடுங்குனா வித்துடுவேன். அவ்வளவுதான்.”

“நடுங்கட்டுமே. எனக்கும் இந்த எறங்கி ஏறுற தொல்லை விட்டுச்சு” என்றார் பெரியத்தை. ஆனால் அவர் கை கைத்தடியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் ரோடு ஆற்றோடு சேர்ந்து ஓடும். அங்கேதான் எனக்கு முதல் விடை கிடைத்தது. அத்தை வேகமாக ஓட்டவில்லை, நான் பயந்த அளவுக்கு இல்லை. வளைவுக்கு முன்னால் காலை எடுப்பார், கார் ஒரு கணம் மூச்சைப் பிடித்த மாதிரி நிற்கும், வளைவு திறந்ததும் மிதிப்பார். எஞ்சின் நாய்க்குட்டி மாதிரி இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டுப் பாயும். சீட் தரையோடு ஒட்டி இருந்ததால் கல்சுவர்கள் இரண்டு பக்கமும் எங்களுக்கு மேலே எழுந்தன. நான் இந்த ரோட்டில் ஆயிரம் தடவை போயிருப்பேன். எந்த இடத்தில் ரோடு லேசாக உள்பக்கம் சாய்கிறது என்று என் முதுகு சொன்னது இதுதான் முதல் தடவை.

“வேன்ல ஒசரத்துல உக்காந்தா வேலிக்கு அந்தாண்ட யாரு துணி காயப்போட்டிருக்கா, யாரு வீட்டுல இன்னும் எந்திரிக்கல, அதெல்லாம் தெரியும்” என்றார் அத்தை. “இதுல உக்காந்தா ஒண்ணும் தெரியாது. ரோடு மட்டுந்தான். யாரு எந்தப் புத்தகத்தத் திருப்பித் தரலன்னு நெனப்பே வராது.”

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு பண்ணைப் பாதை பிரியும் இடத்தில் ஒதுங்கி நின்று, மூன்று தடவை ஹாரன் அடித்தார்.

மறுகணமே அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயையோ.”

அது நூலக வேன் நிற்கிற இடம். ஹாரன் அடித்தது வேன் வந்துவிட்டது என்று சொல்கிற அடையாளம். பெரியத்தைக்குச் சிரிப்பில் முழங்காலே வலித்துவிட்டது. நாங்கள் கிளம்புவதற்குள் பண்ணைக்காரர் ட்ரெவோர் கக்கத்தில் நாலு புத்தகத்தோடு செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இன்னிக்கு வியாழக்கெழமையா?”

“இல்ல ட்ரெவோர். பழக்கதோஷம். மன்னிச்சுக்க.”

“வேனுக்கு என்னாச்சு? தொவைக்கப் போட்டு சுருங்கிப் போச்சா?”

“வாயை மூடிக்கிட்டு புத்தகத்தக் குடு, வந்தது வந்துட்டேன்.”

புத்தகங்கள் ஜன்னல் வழியாக என் மடிக்கு வந்தன. “இதுல ஒண்ணுல கடைசிப் பக்கம் இல்ல. கொலை பண்ணது யாருன்னு தெரியாம மூணு நாளாத் தூக்கமில்ல” என்றார்.

“சமையக்காரன்” என்றார் அத்தை, புத்தகத்தைப் பார்க்காமலே.

“அவனா! நான் மச்சான்காரன்னுல்ல நெனச்சேன்.” ட்ரெவோர் கூரையில் தட்டிவிட்டு நகர்ந்தவர் திரும்பி வந்தார். “மேலயா போறீங்க? கொஞ்சம் பொறுத்துப் போங்க. எங்க அண்ணன் ஆர்வெல் கணவாய்லேருந்து ஆட்டு ட்ரெய்லரோட எறங்கிட்டிருக்கான். அந்த ரோட்டுல அதுகூட மாட்டிக்க வேணாம். உள்ள வாங்க, டீ போடுறேன்.”

பெரியத்தை பெல்ட்டைக் கழற்றப் போனார். “டீ குடிப்போம்டி. திராட்ச ரொட்டியும் இருக்கும் அவன்கிட்ட.”

அத்தை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. “டீ குடிச்சா நான் மேல போக மாட்டேன் அண்ணி. எனக்குத் தெரியும்.”

போனோம்.

சிலுவைக் கணவாய் ரோடு ஒரு கார் அகலம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. செப்டம்பரில் சரிவு முழுக்கப் பெரணிச் செடிகள் துருப்பிடித்த நிறத்தில் காய்ந்து கிடக்கும். ஆடுகள் ரோட்டின் சூட்டுக்காக நடுவில் படுத்திருக்கும், நம்மைப் பார்த்தால் எழுந்து போவதா வேண்டாமா என்று யோசிக்கும். அத்தை முதல் கியரிலும் இரண்டாவதிலும் மாறி மாறி ஏறினார். எஞ்சினின் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பதற்கென்று விட்டிருக்கும் இடம் ஒன்றைத் தாண்டினோம். ஒரு வளைவு. இன்னொரு வளைவு, அதற்கு மேலே ரோடு சுவர் மாதிரி நிமிர்ந்தது.

அந்தச் சுவரின் உச்சியில் ஆர்வெலின் லேண்ட்ரோவர் ஜீப் தெரிந்தது. பின்னால் இரண்டடுக்கு ட்ரெய்லர், இடுக்குகள் எல்லாம் ஆட்டு மூக்கு.

அவ்வளவு ஏற்றத்தில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க யாராலும் முடியாது. எங்கள் பக்கத்தில் அதற்கு விவாதமே கிடையாது, யாரால் முடியுமோ அவர்கள் பின்னால் போக வேண்டும். ஆர்வெல் பிரேக்கைப் பிடித்து நின்றார். அத்தையும் நின்றார்.

நான் கண்ணாடியில் அத்தையின் கண்களைத் தேடினேன். சீட் இடுக்கு வழியாகத் தெரிந்தது கைகள் மட்டும். ஸ்டியரிங்கின் மேல் பத்து விரலும் தனித்தனியாக அதிர்ந்துகொண்டிருந்தன.

ஆர்வெல் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். மஞ்சள் காரை அவருக்குத் தெரியும், ஏப்ரலில் டிராக்டர் கொண்டுவந்தவர் அவர்தான்.

“டெக்வென், நான் வேணா எடுத்துத் தரட்டுமா? பரவால்ல, எறங்கி நில்லு.”

கேலியாகச் சொல்லியிருந்தால் அத்தை பதில் வைத்திருப்பார். அவர் அன்பாகச் சொன்னார். அத்தையின் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்டலாம், ஆனால் பெரியத்தை இறங்காமல் நான் இறங்க முடியாது. பெரியத்தையோ சிலையாகிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

“அண்ணி” என்றார் அத்தை. “நீ பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பேசு.”

“என்னத்தப் பேச?”

“எதையாவது. உன் தம்பியத் திட்டு.”

கதவுப் பிடியிலிருந்து கை திரும்பி வந்தது. ஆர்வெலிடம் வேண்டாம் என்று தலையசைத்தார். ரிவர்ஸ் கியர் விழுந்த சத்தம் கேட்டது.

பெரியத்தை தொண்டையைச் செருமினார். “அவனத் திட்ட என்ன பஞ்சம்? கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தத் தொலைச்சவன்தானே. ஆட்டுத் தொட்டில கெடந்து எடுத்தோம்...”

கார் ஒரு அடி பின்னால் போனது. நின்றது. இன்னொரு அடி. அத்தை கழுத்தைத் திருப்பி என் தோளுக்கு மேலே பின்கண்ணாடியைப் பார்த்தார். நான் மடியிலிருந்த புத்தகங்களோடு சீட்டில் படுத்துக்கொண்டேன், அவர் பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று.

“...அப்பறம் அந்தக் கோழி வளர்க்கிறேன்னு ஆரம்பிச்சானே, நரிக்கு விருந்து வச்ச மாதிரி...”

முதல் வளைவு. பள்ளத்துப் பக்க விளிம்பு சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை. கை நடுங்குவது நிற்கவே இல்லை, ஸ்டியரிங்கில் மோதிரம் தட்டும் சத்தம் விடாமல் கேட்டது. கார் மலைப் பக்கமாக அதிகம் ஒதுங்கிவிட்டது. பாறையில் பட்டு ஏதோ உடைந்த சத்தம்.

“...போகுது, விளக்குத்தான். நீ எடுடி. அப்பறம் இட்வால் ஒரு தடவ பிரான்சுக்குப் போறேன்னு லிவர்பூல் கப்பல்ல ஏறி அயர்லாந்துல எறங்குனான்...”

அத்தை சிரித்தார். நான் தலையைத் தூக்கியபோது நாங்கள் ஒதுங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். அத்தை இன்னும் சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ இருந்தார், எனக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை.

ட்ரெய்லர் எங்களை உரசிக்கொண்டு இறங்கியது. ஆர்வெல் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார். எங்கள் ஊரில் எதிரே வருகிற எல்லாருக்கும் தூக்குகிற விரல்தான். தனியாக எதுவும் சொல்லாமல் போனதற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கணவாயின் உச்சியில் காற்று கார்க் கதவைப் பிடுங்கியது. கீழே ஒரு பக்கம் நாங்கள் வந்த பள்ளத்தாக்கு, மறுபக்கம் பாலா ஏரிக்குப் போகிற பள்ளத்தாக்கு. அத்தை காருக்குப் பின்னால் போய் உடைந்த விளக்கைக் குனிந்து பார்த்தார். பெரியத்தை கைத்தடியை ஊன்றி அருகே போய் நின்றார்.

“கை நடுங்குச்சா?”

“நடுங்குச்சு.”

“அப்ப உன் கணக்குப்படி விக்கணுமே.”

“ம்.” அத்தை விரல்களை விரித்துப் பார்த்தார். அப்போதும் அவை அடங்கவில்லை. “நடுங்கிட்டே எடுத்தேன்ல அண்ணி?”

“நானும்தான் பாத்தேனே.”

அத்தை போனை எடுத்தார். எங்கள் மலையில் அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, ஷ்ரூஸ்பரிக்காரருக்குக் கேட்கும்படி கத்தினார்.

“சார், ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாம்... இல்ல, இல்ல, வேற யாருக்கும் குடுக்கல... என்ன காரணமா?” அத்தை திரும்பிக் காரைப் பார்த்தார். “பின்விளக்கு ஒண்ணு உடைஞ்சு போச்சு சார். உங்களுக்குப் பிடிக்காது.”

போனை மூடிவிட்டுப் பெரியத்தையைப் பார்த்து, “ஏறு அண்ணி, ஏரிப் பக்கமா எறங்குவோம்” என்றார். “அந்தப் பக்கம் ரோடு இன்னும் குறுகல்.”