கோரிமேட்டில் முப்பதடிச் சாய்தளம்

முதல் நாள், புதன்கிழமை. காலை பத்தே முக்காலுக்குச் சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தோம். ஏழு பேர், பதினொரு பெட்டிகள். பெட்டிகளில் பாதி கருவிகள்: துளையிடும் இயந்திரம், டைல்ஸ் வெட்டும் கத்தி, கையுறைகள். புதுச்சேரிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். பேசி வைத்திருந்த வேனுக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய், சுங்கச்சாவடிக் கட்டணம் தனி.

நாங்கள் மலேசியாவில் தைப்பிங் நகரத்துக் கிறிஸ்தவச் சபையிலிருந்து வருகிறவர்கள். புதுச்சேரியின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நோயாளிகளோடு வருபவர்கள் தங்குவதற்கு ஒரு சின்ன இல்லம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்குள்ள ஒரு சபை சுவரையும் கூரையையும் முடித்துவிட்டது. கழிவறைகள், தரை, வர்ணம், சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் ஆகியவை எங்கள் பங்கு. குழுத் தலைவர் சாமுவேல் அண்ணன், அறுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மற்றவர்களில் ஒருவர் மின்பணியாளர், இரண்டு பேர் தாதியர், இரண்டு பேர் வங்கியில் வேலை பார்த்தவர்கள். நான் ஸ்டெல்லா, பள்ளி வேன் ஓட்டுகிறேன். கட்டட வேலை எதுவும் தெரியாது. தூக்கச் சொன்னால் தூக்குவேன் என்று சொல்லித்தான் பெயர் கொடுத்தேன்.

திண்டிவனம் தாண்டியதும் சாலையோரம் செம்மண் தெரிய ஆரம்பித்தது. மூன்று மணிக்கு வரிசையாக மதுக்கடைகள் வந்தன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"இந்தாண்ட பாண்டி, அந்தாண்ட தமிழ்நாடு. ஒரு கால இங்க வச்சி ஒரு கால அங்க வக்கலாம்மா" என்றார்.

அதுதான் கோரிமேடு. புதுச்சேரி என்றதும் நான் மனதில் வைத்திருந்த மஞ்சள் சுவர்களும் கடற்கரையும் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. நான் முதலில் பார்த்த புதுச்சேரி அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். பேருந்து நிற்கிறது, முதலில் ஒரு தண்ணீர்க் குடம் இறங்குகிறது, பிறகு பாய், பிறகு பெரிய எக்ஸ்ரே உறை, கடைசியாக இரண்டு பேர் தாங்கிப் பிடித்தபடி நோயாளி. விழுப்புரத்திலிருந்து, கடலூரிலிருந்து, இன்னும் தூரத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். இத்தனை கூட்டத்துக்கும் படுக்க இடம் கொடுக்க எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது. நடைபாதையில் மரத்துக்கு ஒரு குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களுக்குத் தங்கும் இடம் மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையில் ஒரு மாடி வீடு. வேலையிடத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றெண்பது ரூபாய். வீட்டுக்காரர் அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவில் அவர் வீட்டைச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்கிறார்கள். தினமும் காலையில் "போன்ழூர்" சொல்லி, நீள ரொட்டியும் மீன் குழம்பும் வைத்தார். அந்தச் சேர்க்கையை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை. காலை ஏழரைக்கு வேலை தொடங்கும். பத்தரைக்கு டீ, பன்னிரண்டு ரூபாய். வேலைக்கு மேஸ்திரி தனசேகர், அவரோடு ஒரு கொத்தனார், விஜயா என்ற சித்தாள். தனசேகர் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி; ஆலை மூடிய பிறகு மகன் கொத்துக் கரண்டியைப் பிடித்தார். அதிகம் பேசாத மனிதர். எங்களில் ஒருவர் சுவர் டைல்ஸைக் கோணலாக வைத்தால் வாயால் சொல்ல மாட்டார். நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து வந்து பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதல் இரண்டு நாள் கலவைச் சட்டி தூக்கி என் உள்ளங்கை கொப்பளித்தது. விஜயா என் கையைப் பார்த்துவிட்டு, "சட்டிய விரலால புடிக்காதக்கா, இடுப்புல அணைச்சிக்க" என்றாள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எண்பது சட்டி என்னால் முடிந்தது.

ஆறாம் நாள் சாய்தளத்துக்குக் கான்கிரீட் போட்டோம். அன்று நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும்.

என் அண்ணன் தாஸ் பத்தொன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. அவரைத் தள்ளிக்கொண்டு நான் ஏறாத சரிவு தைப்பிங்கில் இல்லை. ஒரு சரிவைப் பார்த்தாலே என் தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும். அன்று கலவை கொட்டும்போதே தெரிந்தது, இது அதிகச் செங்குத்து. வரைபடத்தில் கட்டடத்தின் தரை ஓர் அடி உயரம் என்று இருந்தது. அதற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் சரி. ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத் தரையை இரண்டரை அடிக்கு உயர்த்தியிருந்தார்கள். சாய்தளத்தின் நீளத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. கோலாலம்பூரில் ஒரு பொறியாளர் வரைந்த படம், குழுவில் படித்தவர்கள் நிறைய. வேன் ஓட்டுகிறவள் நான் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். அது மட்டுமா, கரண்டி பிடித்து மேற்பரப்பை வழுவழுவென்று தேய்த்தவளும் நான்தான்.

எட்டாம் நாள், புதன்கிழமை, பகல் பதினொரு மணி. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மீன் விற்கிறவள் என்று அவள் கையிலிருந்த கூடையே சொன்னது. பெயர் கலைச்செல்வி, ஊர் கடலோரம் வீராம்பட்டினம். சாலையோரம் மரத்தடியில் சக்கர நாற்காலியில் அவள் கணவர் ஏழுமலை. படகைக் கரைக்கு இழுக்கும்போது அலை புரட்டிப்போட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டதாம். வாரம் மூன்று நாள் பயிற்சி சிகிச்சை. பேருந்தில் ஏற்றி இறக்கி உயிர் போகிறது என்றாள்.

"அக்கா, நாங்க மாரியாத்தாவ கும்புடறவங்க. இங்க தங்கலாமா?"

"யாரும் தங்கலாம். அதுக்குத்தான் கட்டுறோம்" என்றேன். "வாங்க, ஏறிப் பாருங்க. வாசல் அகலம் போதுமான்னு சொல்லுங்க."

கலைச்செல்வி தள்ளினாள். நான்கடி ஏறியதும் நாற்காலி நின்றது. நான் ஓடிப்போய் அவளோடு சேர்ந்து தள்ளினேன். நான் தேய்த்து வைத்த வழுவழுப்பில் எங்கள் செருப்பு வழுக்கியது. முன்சக்கரங்கள் மேலே எழும்பி, நாற்காலி எங்கள் மேல் பின்பக்கமாகச் சாய்ந்தது. ஏழுமலை எட்டிப் பக்கச் சுவரைப் பிடித்தார். விஜயா சட்டியைப் போட்டுவிட்டு வந்து தாங்கியிராவிட்டால் மூன்று பேரும் உருண்டிருப்போம். அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

கீழே இறக்கியதும் அவர் சாய்தளத்தைப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இதுக்குப் படியே தேவலாம். ரெண்டு பேரு தூக்கிக்கினு போய்டுவாங்க."

"உடுங்கக்கா" என்றாள் கலைச்செல்வி. "நமக்கு இன்னா, வெளியவே இருந்துக்கறோம்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். ஞாயிறு திறப்பு விழா. திங்கட்கிழமை மதியம் புறப்பாடு. சாமுவேல் அண்ணன் நெற்றியைத் தேய்த்தார்.

"கைப்பிடி வச்சிடலாம்மா. நாம போனதும் இங்க உள்ளவங்க மெதுவா மாத்திக்குவாங்க."

"அண்ணே, ஆறாம் நாளே எனக்குத் தெரியும்" என்றேன். "சொல்லாம இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா இத அப்படியே விட்டுட்டு நான் பிளேன் ஏற மாட்டேன். நாம கட்டினத நாமதான் உடைக்கணும்."

"நாலு நாளுதான் இருக்கு லா, ஸ்டெல்லா. ஊர்ல சபைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒரு மனுசன் கையில ரத்தம் வந்துச்சுன்னு சொல்லுங்க."

சாமுவேல் அண்ணன் தனசேகரைப் பார்த்தார். தனசேகர் கட்டடத்தின் மூலைவரை நடந்து போய், காலடியால் அளந்து திரும்பி வந்தார்.

"முன்னால சொவத்த ஒட்டி பன்னெண்டடி. மூலையில திரும்பறதுக்கு ஒரு மேடை. பக்கத்துல பதினெட்டடி. துணி தொவைக்கிற கல்லப் பின்னால மாத்தணும். முடியும் சார். ஆனா நாளைக்கிக் காலையில உடைக்க ஆரம்பிக்கணும்."

"நீங்க ஏன் மேஸ்திரி முதல்லயே சொல்லல?" என்று சாமுவேல் அண்ணன் கேட்டார்.

"படம் உங்களுது சார். ரெண்டு வாட்டி சொன்னேன், படத்துல அப்டித்தான் இருக்குன்னுட்டாங்க."

சொன்னது எங்கள் வங்கிக்காரர்களில் ஒருவரிடம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை ஊரிலிருந்த தாஸ் அண்ணனைக் கைபேசியில் அழைத்தேன். உயரம் முப்பது அங்குலம், நீளம் பன்னிரண்டடி என்றதும் சிரித்தார். "அது சறுக்குமரம் லா. அங்குலத்துக்கு ஓர் அடி கொடு. திரும்பற இடத்துல அஞ்சடிக்கு அஞ்சடி விடு, இல்லேன்னா நாற்காலி மாட்டிக்கும். மேல தேய்க்காத, துடைப்பத்தால கோடு போடு." பிறகு சிரிப்பு நின்றது. "முடிச்சிட்டு வா. பாதியில வந்தா கதவத் திறக்க மாட்டேன்."

ஒன்பதாம் நாள், வியாழன். காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது சாமுவேல் அண்ணன் முன்னமே ஆட்டோ பிடித்து வந்திருந்தார். சம்மட்டியின் முதல் அடி அவருடையது. கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. "நல்லாத்தான் கட்டியிருக்கோம்" என்றார். அதற்குச் சிரித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தோம். உடைத்து முடிக்க மதியம் ஒன்றரை ஆனது. உடைந்த துண்டுகள் எதுவும் வெளியே போகவில்லை. புதிய சாய்தளத்துக்கு அடியில் நிரப்பினோம். மாலைக்குள் பக்கச் சுவர் பாதி எழும்பியது.

பத்தாம் நாள், வெள்ளி. செம்மண் நிரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். தாதியர் இருவரும் ஒரு திமிசைச் சேர்ந்து பிடித்தார்கள். "பதமா குத்துங்க, சொவரு பச்சையா இருக்கு" என்று தனசேகர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்கு மணிக்கு மழை. தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். விஜயாவின் மகளுக்கு அன்று பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. போகச் சொன்னோம். "இதப் பாதியில உட்டுட்டுப் போனா அங்க உக்காந்து இன்னா பண்ணப் போறேன்" என்று அவள் போகவில்லை.

பதினோராம் நாள், சனி. காலை பத்துக்குக் கலவை தொடங்கி நான்கரைக்கு முடித்தோம். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். தனசேகர் ஒவ்வொரு அடியிலும் சரிவு பார்க்க ரசமட்டம் வைத்தார். கடைசியில் தென்னந்துடைப்பத்தை என்னிடம் நீட்டினார். குறுக்கே கோடு கோடாக இழுத்துக்கொண்டு கீழே வரை வந்தேன். முதுகு நிமிரவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஞாயிறு. திறப்பு விழா. கான்கிரீட் இன்னும் இறுகாததால் சாய்தளத்தின் குறுக்கே கயிறு கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி வைத்திருந்தோம். வந்தவர்கள் படியில் ஏறிப் போனார்கள். சாமுவேல் அண்ணன் தன் உரையில் கயிற்றைக் காட்டி, நாங்கள் ஒரு முறை தப்பாகக் கட்டி உடைத்ததைச் சொன்னார். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பதின்மூன்றாம் நாள், திங்கள், காலை ஒன்பது மணி. கலைச்செல்வி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். விஜயா பேருந்து நிறுத்தத்திலேயே போய் நின்று இருவரையும் அழைத்து வந்திருந்தாள். ஏழுமலையின் முழங்கையில் பிளாஸ்திரி.

"மறுபடியுமா?" என்றார்.

தனசேகர் சாக்கை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஒரு நாற்காலி தாங்கும். ஏறுங்க."

கலைச்செல்வி பின்னால் கை வைத்தாள். "நீ உடு" என்றார் அவர். வலை இழுத்த கைகள் சக்கரத்தைப் பிடித்தன. பதினெட்டடி மெதுவாக ஏறினார். மூலை மேடையில் நின்று மூச்சு வாங்கினார். நாற்காலி ஒரே சுற்றில் திரும்பியது. மிச்சமிருந்த பன்னிரண்டடியில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். விஜயா என் புடவையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் மறுபடி தள்ளினார். வாசலைத் தாண்டி உள்ளே போய், அறையைச் சுற்றிப் பார்த்து, சன்னலோரக் கட்டிலைக் காட்டினார்.

"கலை, நம்ம பாய அங்க போடு."

கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயை எடுக்கக் கீழே ஓடினாள். படியில் போகவில்லை, சாய்தளத்தில்தான் ஓடினாள். கைப்பிடிக் குழாய் மட்டும் பாக்கி. வெல்டரை வரச்சொல்லி அந்த வாரமே பொருத்துவதாகத் தனசேகர் சொன்னார். பத்து நாள் கழித்து, பொருத்திய கைப்பிடியை விஜயா படமெடுத்து அனுப்பினாள்.

மதியம் ஒரு மணிக்கு வேன் புறப்பட்டது. வெளிநாட்டுக்குப் போய் உதவி செய்துவிட்டு வருவதில் ஒரு பெருமிதம் உண்டு. அது எனக்கும் இருந்தது, ஆனால் அதோடு வேறொன்றும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சாமுவேல் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தைப்பிங்கில் எங்கள் ஆலயத்துக்கு ஐந்து படிகள். சாய்தளம் கிடையாது. நான்கு பேர் தூக்கி உள்ளே வைப்பதை என் அண்ணன் தாஸ் வெறுக்கிறார். அதனால் பத்து வருடமாக ஞாயிறுகளில் என் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து, சன்னல் வழியாக வருகிற பாட்டைக் கேட்கிறார். எல்லோரும் அவருக்குக் கையசைத்துவிட்டுப் படியேறுவார்கள். நானும்தான்.

சாமுவேல் அண்ணன் அந்த ஆலயத்தில் முப்பது வருடமாகச் சபை மூப்பர்.

"சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆலயத்துக்கு வர்றேன்" என்றார். "அளவு நாடா என்கிட்ட இருக்கு. தாஸையும் கூட்டிட்டு வா. எங்க திரும்பணும்னு அவர்தான் சொல்லணும்."