அப்பாவும் நானும் வேலை தேடிய நாட்கள்

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒருவர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. நாற்காலியின் நுனியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் பெட்டியைப் பிரித்து எடுத்த சட்டை என்பது மடிப்புகளிலேயே தெரிந்தது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்திருப்பார்களே, அதை எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் அது வெளியே எட்டிப் பார்த்தது. நான் ஏதோ ஃபைல் எடுக்கப் போகிறவள் மாதிரி அந்தப் பக்கம் போய், "சார், காலர்ல ஒண்ணு இருக்கு பாருங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தடவிப் பார்த்து உருவினார். எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றார். அந்தச் சட்டையிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஜவுளிக்கடைக் கஞ்சி வாசனை. அதோடு எனக்கு அன்றைய வேலை ஓடவில்லை. நான் எங்கள் பழைய வாடகை வீட்டின் முன்னறைக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டை வாங்கினோம். இளநீலம். அம்மா பார்த்து எடுத்தது. அதற்கு முன் அப்பாவிடம் நல்ல சட்டை என்று தனியாக ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தூத்துக்குடியில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் பொறுப்பு அவருக்கு. பெல்ட், பேரிங், எண்ணெய் என்று எதுவாக இருந்தாலும் அவரைக் கேட்டுத்தான் வெளியே போகும். சாத்தான்குளத்திலிருந்து மீசை அரும்பிய வயதில் வந்து அந்த மில்லில் சேர்ந்தவர், வேறு எங்கும் வேலை பார்த்தது கிடையாது. வேலை தேடியதும் கிடையாது. அவருடைய மாமா ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உள்ளே விட்டாராம், அவ்வளவுதான்.

அந்த மில்லை மூடினார்கள். நான் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் உட்கார்ந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் வேலையில்லாத ஆள் நான் ஒருத்திதான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுவேன். அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மில் மூடிய மறுநாள் அவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் தட்டுக்குள்ள என்னத்தத் தேடுதிய? மீன்ல முள்ளு கூட இல்ல" என்றாள்.

அம்மா தைப்பவள். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் அவளுடையது. முன்பு பகல் முழுவதும் வீடு அவளுக்கும் மிஷினுக்கும்தான் சொந்தம். இப்போது அந்த முன்னறையில் நாங்கள் இரண்டு பேர் எந்நேரமும். நூல்கண்டை மிதிப்போம், வெட்டிய துணியின் மேல் பேப்பரை விரிப்போம். அப்பா பழைய ஷிப்ட் நேரத்துக்கே எழுந்து, குளித்து, சவரம் செய்து, தயாராகிவிடுவார். எதற்குத் தயார் என்பதுதான் தெரியாது. பேப்பர் வந்ததும் வேலைவாய்ப்புப் பக்கத்தை உருவி என்னிடம் தருவார். நான் பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுத்ததும் அதே பக்கத்தை அவர் தனக்காக ஒரு முறை வாசிப்பார். எனக்குத் தெரியக் கூடாது என்று கிரிக்கெட் பக்கத்துக்குள் வைத்து வாசிப்பார்.

வேலையில்லாதவர்களுக்கு வேலை இருக்காது என்று நீங்கள் நினைத்தால் தவறு. தெருவே எங்களுக்கு வேலை கொடுத்தது. "அண்ணாச்சி, நீங்க சும்மாதான இருக்கிய, இந்தக் கரண்ட் பில்லக் கெட்டிருங்களேன்." "ஏளா, நீ சும்மாதான இருக்க, பிள்ளைக்கு இந்தக் கணக்கச் சொல்லிக் குடு." கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக, ரேஷன் கடை வரிசையில் பை போட்டு இடம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். அப்பா ஒரு நாள் வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்து, "மில்லுல கூட நான் இவ்வளவு ஓடுனதில்ல" என்றார். அவரைப் பார்த்து நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்றிலிருந்துதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தோம் என்று நினைக்கிறேன்.

அவருக்கு பயோடேட்டா தயாரித்தது நான்தான். பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில், ஃபேன் காற்று வராத மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்தோம். "ஹாபின்னு என்ன போடட்டும்பா?" என்று கேட்டேன். அப்படியென்றால் என்ன என்றார். பிடித்த பொழுதுபோக்கு என்றேன். நெடுநேரம் யோசித்தார். "சாமான அடுக்கி வைக்கது" என்றார். நான் வாசிப்பு என்று போட்டேன். இப்போது நினைத்தால் அவர் சொன்னதையே போட்டிருக்கலாம் என்று படுகிறது.

பிறகு வீட்டில் ஒத்திகை. முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்தில் நான் மேனேஜராக உட்கார்ந்துகொள்வேன். அப்பா அடுப்படியிலிருந்து, புது நீலச்சட்டையில், "மே ஐ கம் இன் சார்" என்று கேட்டுக்கொண்டு வருவார். மேனேஜர் அவருடைய மகள்தான் என்றாலும் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார்.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்."

மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பார். பெயர், ஊர், மில், ஸ்டோர். அதுவரை சரியாக வரும். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் நின்றுவிடுவார். அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது அவர் வாயில் நுழையவே இல்லை.

"ஏளா, நான் எங்க விட்டேன்? அதுல்லா என்னைய விட்டுச்சு" என்றார் ஒரு நாள்.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டாள். பிறகு அவளே, "மேனேஜர் மேடம், அவியளுக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க" என்றாள்.

எங்கே போனாலும் சேர்ந்தே போனோம். எனக்குக் கூப்பிட்டால் அவர் வெளியே காத்திருப்பார். அவருக்குக் கூப்பிட்டால் நான். திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா உள்ளே போனார். நான் கடற்கரையில், மொட்டையடித்த குழந்தைகளின் தலைச் சந்தன வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "சின்னப் பையனா தேடுதாவளாம்" என்றார். இரண்டு பேரும் சுக்குக் காப்பி குடித்தோம். கடலைப் பார்த்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா கலந்து ஒரு ஆளா ஆக்கினா சரியா இருக்கும். உன் வயசு, என் அனுபவம்" என்றார். எனக்கோ போகிற இடமெல்லாம் அனுபவம் இல்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முருகனைக் கும்பிடாமலே பஸ் ஏறிவிட்டோம் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வீட்டில் ஜெசிந்தாக்கா இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அக்கா ஒரு நாள் ஜாக்கெட் வாங்க வந்தபோது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் எடைமேடைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். லாரி வந்து நின்றதும் எடையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். "எங்க கொழுந்தன் அங்கனதான் இருக்கான். ஒரு ஆளுதான் வேணுமாம். அண்ணாச்சி போறியளா, இல்ல பாப்பா போகுதா?"

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். "அப்பா போட்டும்" என்றேன். "அவ போட்டும்" என்றார். இப்படியே அன்று மாலை வரைக்கும் போனது. கடைசியில் அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் போங்க. யாருக்குக் கெடச்சாலும் அரிசி நம்ம வீட்டுக்குத்தான வரப்போகுது" என்றாள்.

போனோம். முதலில் அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே இருந்த எனக்கு அவர் குரல் கேட்கவில்லை, ஆனால் உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் கேன் பக்கம் போய் நின்றுகொண்டார். அடுத்தது நான். மேனேஜருக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். படிப்பைப் பற்றி ஏதேதோ கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"வெளிய இருக்கது உங்க அப்பாதான? வேலை ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்குக் குடுக்கவா, அப்பாவுக்குக் குடுக்கவா? நீங்களே சொல்லுங்க."

நல்ல மகள் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். தொண்டை வரை அது வந்தது. ஆனால் அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டரும், அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் டிபன் பையும் இருந்தன. அந்தப் பையை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"எனக்கு சார்" என்றேன்.

அவர் தலையசைத்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

திரும்பி வர பஸ் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கங்கே உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காலர் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, "ஏளா, உள்ள ஒண்ணு கேட்டான்" என்றார்.

"என்ன கேட்டாவ?"

"உனக்குக் குடுக்கவா, எனக்குக் குடுக்கவான்னு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் எனக்குன்னு சொல்லிட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த பிள்ளையின் முகம்.

"யப்பா, நானும் எனக்குன்னுதான் சொன்னேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், கண்டக்டர் பார்த்தார், நாங்கள் நிறுத்தவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒண்ணு போல பொய் சொல்லாம வந்துட்டோம்" என்றார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினோம்.

அடுத்த வாரம் போன் வந்தது. அப்பாவுக்கு.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. வேலை கிடைத்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் லைட் போடாமல் கிளம்பினார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்காதபடி குழாய்க்கு அடியில் கையை வைத்துத் தண்ணீர் பிடித்துக் குளித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுபோய் வாசலில் போட்டுக்கொண்டார். முன்னறையில் படுத்திருக்கும் நான் விழித்துவிடக் கூடாதாம். தான் வேலைக்குப் போவதை நான் பார்த்துவிடக் கூடாதாம். நானும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலவே கிடப்பேன். சில நாட்கள் இது நடந்தது. ஒரு நாள் என்னால் முடியவில்லை. அவருக்கு முன்பே எழுந்து லைட்டைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, எலுமிச்சைச் சாதம் கிளறி டப்பாவில் அடைத்து வைத்தேன். அப்பா செருப்பும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"சத்தமாவே கெளம்புங்கப்பா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றேன்.

அவர் செருப்பைக் கீழே போட்டார். உண்மையிலேயே சத்தமாகத்தான் போட்டார்.

எனக்குக் கிடைக்க அதன் பிறகும் மாதங்கள் ஆயின. எடைமேடைக்கு வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம் அப்பா விசாரித்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்படி ஒரு டிரைவர் சொல்லித்தான், சரக்கு ஏற்றுமதி செய்கிற இந்த அலுவலகத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. நான் இங்கே வந்த அன்று அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார். "நீங்க எதுக்குப்பா வாரிய?" என்றேன். "வெளிய நிக்க ஒரு ஆளு வேண்டாமா" என்றார். நான் உள்ளே போய்த் திரும்பி வரும்வரை எதிரே இருந்த டீக்கடையில் நின்றார். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள் என்று நான் சொன்னதும், டீக்கடைக்காரரிடம் போய் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னார். அவருடைய கொண்டாட்டம் அவ்வளவுதான்.

இப்போது அந்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மில் இருந்த இடம் பிளாட்டாகிவிட்டது. மில் சங்குச் சத்தம் கேட்டு எழுந்த தெருவில் இப்போது யார் எப்போது எழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்கு இல்லை என்றுகூட இப்போது யாரும் சொல்வதில்லை. போனில் பயோடேட்டாவை அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஜெசிந்தாக்கா பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி இதே ஊரில் வேறு மூலையில் இருக்கிறேன். மத்தியானம் ஆபீஸ் மேஜையில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறும்போது, "அப்பல்லாம் நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்தப்ப நாள் தவறாம மத்தியானம் மூணு பேருமா சேந்து உக்காந்து சாப்பிட்டோம். மிஷின நிறுத்திட்டு நானும் வந்துருவேன். சாப்பிட்டுட்டு அப்படியே கெடந்து பேசிட்டே இருப்போம். நல்லாத்தான் இருந்துச்சு, என்ன?" என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இரு. அதுல என்ன நல்லா இருந்துச்சு? ஒவ்வொரு நாளும் எப்படி விடிஞ்சுச்சுன்னு எனக்குல்லா தெரியும்."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் சொன்னதுதான் உண்மை. அப்பா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"அப்பல்லாம் குழம்பு நல்லா இருக்கும்" என்றார்.