மேமலைத் தோட்டத்துப் படப்பெட்டி

மேமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் நிலைத்தது தொரையின் தாராள மனசால் என்று பதுளைக் கடைவீதியில் யாராவது சொன்னால், வண்டிக்காரப் புஹாரிக்கு இன்றைக்கும் வயிறு எரியும். குடிக்கிற தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

தொரை கொடுத்தது ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. அரைச்சுவர், மேலே தகரம், அவ்வளவுதான். அதைப் பள்ளிக்கூடம் ஆக்கியவர் கணபதி வாத்தியார். மெலிந்த மனிதர், வாயைத் திறந்தால் அதட்டல். பிள்ளைகளைத் தேயிலைக்குள் புல்வெட்டுக்கு அனுப்புகிற தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ச் சண்டை பிடித்துத்தான் ஆள் சேர்த்தார். புத்தகம் கிடையாது. சிலேட்டும் நாலைந்து பேருக்கு ஒன்று.

ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன படப்பெட்டியைப் புஹாரிதான் பதுளையிலிருந்து ஏற்றிவந்து கொடுத்தார். தகரப் பெட்டி, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் உருண்டைக் கண்ணாடி. படம் வரைந்த கண்ணாடித் துண்டைச் சொருகினால் சுவரில் பெரிதாக விழும். தலைகீழாகச் சொருக வேண்டியதை முதல் நாள் வாத்தியார் நேராகச் சொருக, சுவரில் கப்பல் கவிழ்ந்து நின்றது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ஆலை வரைக்கும் கேட்டது.

கப்பலும் கோட்டையும் இங்கே யாருக்கு வேண்டும்? வாத்தியார் வெறும் கண்ணாடியை விளக்குப் புகையில் கறுப்பாக்கி, சாக்கு ஊசியால் எழுத்துக் கீறினார். சுவரில் ஆள் உயரத்துக்கு எழுத்து நின்றது. சிலேட்டுக்கு அடித்துக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் ஒரே சுவரைப் படித்தார்கள்.

ஆனால் கொட்டகை இருட்டாக வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளிகளைக் கொண்டுவந்து அரைச்சுவருக்கு மேலே தொங்கவிட்டார்கள். கம்பளியைத் திரும்ப வாங்க வேண்டுமே என்று அவர்களும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

புல்வெட்டுக்குப் பிள்ளை குறைந்ததும் பெரிய கங்காணிக்குப் பொறுக்கவில்லை. வாத்தியார் கூத்துக் காட்டுகிறார் என்று தொரையிடம் வத்தி வைத்தார். தொரை பள்ளிக்கூடப் பரிசோதகரை வரவழைத்தார். பெட்டியால் படிப்பு வருகிறது என்று அவர் ஒப்பினால் பள்ளிக்கூடம் இருக்கும். இல்லையென்றால் கொட்டகை உரக்கிடங்கு.

பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். தொரையோடும் கங்காணியோடும் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, தூறலில். கம்பளிகள் எல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்களோடு மலையில். பெட்டியில் விளக்கை ஏற்றியும் பகல் வெளிச்சத்தில் சுவர் வெறிச்சென்று கிடந்தது.

"ஒண்டும் தெரியேல்லையே, மாஸ்டர்" என்றார்.

"கூத்துன்னா ராத்திரிதாங்களே ஐயா நல்லாருக்கும்" என்றார் கங்காணி.

அரிசி மூட்டை இறக்க வந்திருந்த புஹாரி, மாட்டை அவிழ்க்காமலே மலையேறி ஓடினார். தேயிலை நிரையில் நின்ற பெண்களிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். நிரையை விட்டு இறங்கினால் அரைப்பேர்தான் எழுதுவார்கள், பாதிச் சம்பளம் போகும். கம்பளியைக் கொடுத்தால் நாளெல்லாம் நனைய வேண்டும். இரண்டு பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருந்த வேலாயிதான் முதலில் கம்பளியை உருவினாள்.

"அரைப்பேருதானே விழும். விழட்டும், வாங்கடி."

அத்தனை பேரும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகை கும்மிருட்டு. வாசலில் மட்டும் தொங்கவிட ஆணி இல்லை. வேலாயி கம்பளியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்து பளிச்சென்று விழுந்தது. பிள்ளைகள் கடகடவென்று படித்தார்கள். எல்லாம் மனப்பாடம் என்றார் கங்காணி. பரிசோதகர் புதுக் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, வாத்தியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தானே ஒரு வரி கீறிச் சொருகினார். புதுக் கையெழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் திணறினார்கள்.

"நமுனுகுல மலையிலே மழை" என்று சுவரைப் பார்த்து வாசலிலிருந்து வேலாயி படித்தாள். "ஆமாங்க, நனைஞ்சுக்கிட்டுத்தானே நிக்கிறோம்."

பரிசோதகர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு வரி கீறினார். ரோஷம் வந்த பிள்ளைகள் அதை முந்தியடித்துப் படித்தார்கள். பள்ளிக்கூடம் இருக்கத்தான் வேண்டும் என்று அங்கேயே தொரையிடம் சொல்லிவிட்டுப் போனார். அரைப்பேர் விழத்தான் விழுந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்கள் மலையேறினது கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது. கங்காணி ஒதுங்கித்தான் நின்றார்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். சில வருஷம் கழித்து வாத்தியார் காய்ச்சலில் விழுந்தபோது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் புஹாரியின் வண்டியில்தான் போனார். திரும்பி வரவில்லை. இறக்கிவிட்ட இடத்தில் புஹாரியின் கையைப் பிடித்து இழுத்து, வழக்கம்போல அதட்டினார்.

"நானா, கொஸ்லந்தைத் தோட்டத்துல பெட்டி கேட்டிருக்காங்க. பெட்டிய மட்டும் இறக்கிட்டு வந்துடாதீங்க. வேலாயியையும் கூட்டிட்டுப் போங்க. கம்பளி இல்லாம பெட்டி வெறும் தகரம், அங்க உள்ள பொம்பளைங்களுக்கு அவ முதல்ல சொல்லிக் குடுக்கட்டும்."