செல்வி கட்டி அனுப்புற ஜாவா பேக்கேஜ்

இன்னைக்குக் காலைல எங்க தங்கச்சி மக செல்வியைப் பொண்ணு பார்க்க இளையரசனேந்தல்ல இருந்து வந்தாங்க. சபையில பேச என்னை விட்டா சங்கரன்கோவில்ல ஆள் கிடையாது. நான்தான் பேசினேன்.

"பொண்ணு வீட்ல இருந்தே என்ன வேலை பார்க்குது?"ன்னு மாப்பிள்ளையோட அப்பா கேட்டார்.

"ஜாவா பிரேம்வொர்க், அண்ணாச்சி. பாதி அமெரிக்கா இவ கட்டி அனுப்புற பேக்கேஜ்லதான் ஓடுது"ன்னேன்.

செல்வி தலையில அடிச்சுக்கிட்டா. "வெப்சைட் செய்யத் தேவையான சாமான் மாமா அது. தனித்தனி பாகமா இருக்கும். வெப்சைட்டை ஓட்டுற சர்வர் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நம்ம பாகத்தை மட்டும் கட்டி அனுப்புவோம். சர்வர் இல்லாத இடத்துக்கு அதையும் உள்ள வச்சுக் கட்டுவோம்."

நான் விடுவேனா? "கூட்டுக்குடும்பத்துக்குப் போற பொண்ணுக்கு அடுப்பு வேண்டாம். தனிக்குடித்தனம்னா அடுப்பும் சேர்த்துச் சீர் வைக்கோம்லா, அதேதான்"னேன்.

மாப்பிள்ளையோட அப்பா உடனே, "எங்க வீட்ல எல்லாம் இருக்கு. ஒண்ணும் கொண்டுவர வேண்டாம். வேலையையும் விட்டுட்டு வரட்டும்"னார்.

நான் கேசரித் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

செல்வி அவரைப் பார்த்து மெதுவாச் சொன்னா: "இடத்துக்குத் தக்கன கட்டுறதைத்தான் மாத்துவோம். உள்ள இருக்கிற புரோகிராம் எங்க போனாலும் அதேதான். என் வேலையும் அப்படித்தான். கழட்டி வச்சுட்டு வர முடியாது."

கேசரியை யாரும் தொடல. "போய் போன் பண்ணுதோம்"னு எந்திரிச்சுட்டாங்க. தங்கச்சி அடுப்படியில நின்னு அழுதா. செல்வி சொன்னதுதான் சரின்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன்.

போன் இன்னும் வரல.

வேலையை விடச் சொல்லாத மாப்பிள்ளை யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க மக்கா. ஜாவா தெரியாட்டாலும் பரவாயில்ல, நான் சொல்லித் தாரேன்.